ரெடி டீச்சரும் பச்சை வளையலும்

அன்றைக்கு என் வேனில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் நான், பின்னால் கணக்கு டீச்சர், ஜன்னலோரம் திருச்சியிலிருந்து வந்த இளம் சயின்ஸ் டீச்சர், தூங்கி வழிந்துகொண்டு எட்டுப் பிள்ளைகள், என் பக்கத்து சீட்டில் ரெடி டீச்சர். டாக்டர்களை விட்டுவிட்டால், அடுத்தவர் காய்ச்சலை நம்பி வாழ்ந்த ஒரே ஜீவன் இந்தப் புனேயிலேயே ரெடி டீச்சர்தான்.

மலேசியாக்காரர், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். ஈப்போவில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு, புனேயின் கராடியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மதுரைக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். இங்கே ஸ்கூலில், யாராவது லீவு போட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். மற்றவர்கள் என்றால் வீட்டில் போனுக்குக் காத்திருப்பார்கள். இவர் கஞ்சி போட்ட புடவை, சாப்பாட்டு டப்பா, சொந்த மார்க்கர் பேனா சகிதம் தினமும் என் வேனில் ஏறிவிடுவார். அப்படித்தான் 'ரெடி' டீச்சர் ஆனார். எல்லா டீச்சரும் வந்துவிட்டால் அதே வேனில் திரும்புவார்.

ஏறியதும் விசாரணை. "பசியாறிட்டீங்களா? தொண்டை கரகரங்குதே, காய்ச்சலா? ரெண்டு நாள் படுத்து எந்திரிங்களேன்!" அவர் நலம் விசாரித்தால் மற்ற டீச்சர்கள் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் விளையாட்டில்லை. "ஏப்ரலோட ஈப்போ ஸ்கூல்ல எனக்குக் குடுத்த லீவு முடியுது அண்ணே. அதுக்குள்ள இங்க ஒரு ஆறு மாச வேலையாவது கிடைக்கலன்னா, நான் அங்க, அவரு இங்கதான்" என்று ஒரு நாள் சொன்னார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஸ்கூல் கேட்டைப் பார்த்தாலே இன்னும் வேனைத் திருப்பிவிடத் தோன்றும். அதோடு இந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. யாருக்காவது லேசாக ஒரு ஜலதோஷம் கொடு சாமி என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டேன்.

அன்று கணக்கு டீச்சர் இரண்டு கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையலோடு ஏறினார். ரெடி டீச்சரின் கண் விரிந்தது. "அண்ணே, வளைகாப்பு முடிஞ்சிருக்கு! பிரசவ லீவு லா, ஆறு மாசம்!"

நான் இங்கேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவன். "இல்லம்மா, அது வந்து..." என்று வாயெடுப்பதற்குள் அவர் பின்னால் திரும்பி இங்கிலீஷில் வாழ்த்திவிட்டார். எப்போது டெலிவரி என்று கேட்டார். நன்றாக ரெஸ்ட் எடுங்கள், கிளாஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கணக்கு டீச்சருக்கு ரிட்டயராக இரண்டு வருஷம்தான் பாக்கி.

நான் போட்ட பிரேக்கில் வேன் குலுங்கியது. "அக பாய்! ஷாதி மேரி பேட்டி கீ ஹை!" என்றார் மராத்திக்காரரான அவர். கல்யாணம் அவர் பெண்ணுக்கு. இங்கே கல்யாண வீட்டில் வளையல்காரரை வரவழைத்து, பெண்கள் எல்லோருமே பச்சை வளையல் அடுக்கிக்கொள்வது வழக்கம். கணக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் எட்டுப் பிள்ளைகளும் எழுந்துவிட்டன. சயின்ஸ் டீச்சரும் குலுங்கிச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று வாயைப் பொத்தினார். "அண்ணா, நிறுத்துங்க!"

ஓரங்கட்டினேன். அந்தத் திருச்சிப் பெண் ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுக்க, ரெடி டீச்சர் இறங்கி அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியே என் காதிலும் விழுந்தது. "அக்கா, மூணு மாசம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. மார்ச் கடைசியிலதான் என்னைப் பர்மனென்ட் பண்றதா இல்லையான்னு முடிவு. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க."

ரெடி டீச்சர் ஏறி உட்கார்ந்து, "இட்லி சேரல" என்று வேனுக்கே அறிவித்தார்.

திரும்பும்போது எனக்குத்தான் தாங்கவில்லை. "ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா அந்த இடம் உங்களுக்குத்தானே டீச்சர்?"

"அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க லா."

அடுத்தவர் லீவுக்குக் காத்துக் கிடந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை ஒரு நாள்கூட லீவு போட விடவில்லை. ஈப்போவிலிருந்து வந்த உப்புப் புளிப்பு பிளம்ஸை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லித் தினமும் திணிப்பார். நானோ, மார்ச் முடியும்வரை வேகத்தடையைக் கண்டாலே வேனை மாட்டு வண்டியாக்கிவிடுவேன்.

மார்ச் முடிந்தது. திருச்சிப் பெண் பர்மனென்ட். ரெடி டீச்சர் கையில் மலேசியா டிக்கெட்.

மறுநாள் அந்தப் பெண் ஆபீஸுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, ஜூனிலிருந்து லீவு கேட்டு, தன் கிளாஸை ரெடி டீச்சரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். ஆபீஸும் ஒப்புக்கொண்டது.

டிக்கெட்டை ரத்து செய்தால் பாதிப் பணம் போகுமே என்று நான் பதறினேன். "போகட்டும் லா" என்றார் ரெடி டீச்சர்.

ஜூனில் ஸ்கூல் திறந்த அன்று எல்லோரையும் இறக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றேன். ரெடி டீச்சர் வெளியே வரவில்லை. பேச ஆளில்லாமல் கராடி வரை தனியாக ஓட்டி வந்தேன். வேன் காலியாகத் திரும்பியதற்கு நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது.