நீதிபதி வாயைத் திறந்தார்

எனக்குப் பிடிவாதம் அதிகம். அதுவும் நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரிந்த பிறகுதான் அது உச்சத்துக்குப் போகும்.

இரண்டாயிரத்து எட்டில் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி நாலு மாதம். மத்தூரிலிருந்து மாமியார் வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஏழரை மணி சீரியல் என்றால் அவருக்கு உயிர். ஒரு வெள்ளிக்கிழமை, கதாநாயகிக்குக் கோர்ட்டில் தீர்ப்பு சொல்லும் நாளில், சரியாக ஏழரைக்குக் கரண்ட் போனது.

"அவள விட்டாங்களா, உள்ள போட்டாங்களான்னே தெரியலியே" என்று அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வீட்டுக்கு இன்டர்நெட் வந்திருந்தது. "இனிமே டிவிக்காக நாம காத்திருக்க வேணாம் அத்தை. நாம கூப்பிடறப்ப சீரியல் வரும்" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

"கேபிளும் ஒரு பக்கம் இருக்கட்டுமே" என்றார் கணவர், மெதுவாக. எனக்கு அது போதும். மறுநாளே கேபிள்காரரை வரவழைத்து வயரைக் கழற்றச் சொன்னேன்.

ஞாயிறு காலை, அத்தை பெருமையாகத் தெருவையே கூப்பிட்டுவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது பெண்கள். பக்கத்து வீட்டுக் கௌரம்மா (அவர்கள் வீட்டில் கன்னடம்தான்) ஒரு தட்டு முறுக்கோடு வந்திருந்தார். யாரோ புண்ணியவான் ஏற்றிவைத்திருந்த வீடியோ தீப்பெட்டி அளவில் ஓடியது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வழக்கில்" என்று வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"ஏனாயித்து?" என்றார் கௌரம்மா.

"சுத்துதுங்க. ரெண்டு நிமிஷம்."

இருபது நிமிடம் ஆனது. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் "இந்த வழக்கில்", மறுபடியும் வட்டம்.

மூன்றாம் முறை அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, இம்மா நேரம் தொறந்தே வெச்சிருந்தா அந்தாளுக்கு வாய் வலிக்காதா?"

முறுக்கு தீர்ந்ததும் எல்லோரும் உலை வைக்கப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய்த்தான் என்னை எழுப்பியது. தீர்ப்பை அத்தை திங்கட்கிழமை காய்க்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். விடுதலையாம்.

ஆனாலும் கேபிளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று நாற்பது நாள் நின்றேன். ஏழரை ஆனால் அத்தை கௌரம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அந்த நேரத்துக்குக் கன்னட சீரியல். ஒருநாள் வேலை முடிந்து வந்த என்னிடம், "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாயா என்கிறார், கன்னடத்தில். அன்றைக்கே கேபிள்காரருக்கு ஃபோன் செய்தேன். வந்தவரிடம் அத்தை கேட்ட முதல் கேள்வி, "கன்னட சேனலும் வருதில்ல?"

இன்று அத்தை எல்லா சீரியலையும் செல்ஃபோனில்தான் பார்க்கிறார், இரண்டு மொழியிலும். நேற்று கணவர் ஸ்கூட்டர் சாவி எங்கே என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை. அத்தை ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"சுத்துதுடா. ரெண்டு நிமிஷம் இரு."