நாடித்தொரையும் அசந்துபோன காடும்

உறங்கிக்கொண்டிருந்த காட்டைச் செத்துவிட்டது என்று சொல்லி வெட்டவைத்தவன் நான். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் துப்பாசியாக இருந்தபோது அதைச் செய்தேன்.

கடல் தாண்டி வந்தவர்களில் எங்கள் நாடித்தொரையைப் போல் ஒருவர் முன்னும் இல்லை, பின்னும் வரப்போவதில்லை. சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் மரங்களுக்கு நாடி பார்த்தார். காய்ச்சல்காரர்கள் வாசலில் முனகிக் கிடப்பார்கள். அவரோ ஏரிக்கரைக் காட்டில் ஓர் ஒதிய மரத்தின் மேல் விரல் வைத்துக் கண்மூடி நிற்பார். மீனவர்களிடம் தமிழ் கற்றவர். "இன்னா நைனா, இன்னும் எந்திரிக்கலியா?" என்று மரத்தை விசாரிப்பார்.

மழை தள்ளிப்போனால் துளிரும் தள்ளிப்போகும், காடு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி. எந்த மழைக்கு எது விழித்தது என்று அறிய, துளிர்த்த மரத்தில் மட்டும் மஞ்சள் துணி கட்டினார். பக்கத்து ஊரான பசியாவரத்துப் பெண்கள் அதை வேண்டுதல் என்றெண்ணி மிச்ச மரங்களிலும் கட்டிவிட்டார்கள். காடே மஞ்சளாக அசைந்தது. தொரை நடுவில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

அவர் வழி தவறாமலிருக்க, குடையோடு என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். முள்ளில் என் வேட்டி கிழியாத நாளில்லை.

பிறகு ஐப்பசி மழை இரண்டு ஆண்டு ஏய்த்தது. காடு எலும்பாய் நின்றது. வெடிமருந்துக்குக் கரி வேண்டும், பட்டுப்போயிருந்தால் வெட்டிவிடலாம் என்றார் கோட்டைத் தலைவர். மீனவர்கள் வலைக்குச் சாயமேற்றும் பட்டை அந்த மரங்களில்தான் இருந்தது. அதனால் அவர்களுடைய ஊர்ப் பெரியவரை அழைத்துக் கேட்டார்கள். தொரை வழக்கம்போல் காட்டில் இருந்தார்.

"சாவல சாமி. அசந்து கெடக்குது. மழ வந்தா முழிச்சிக்கும்" என்றார் பெரியவர்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இனி அந்த முள்காட்டுக்குப் போகவேண்டாம் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. செத்துவிட்டதாம் என்று அவர்கள் மொழியில் சொன்னேன்.

கோடாரி விழுந்தபோது தொரை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாராம். சாகவில்லை என்று அவர் கத்தியதைக் கிறுக்கு என்று தள்ளி, பிரித்தெடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு வெட்டினார்கள். பாதிக் காடு போன பிறகு, காலம் தப்பித் தை மாதத்தில் மழை வந்தது. நின்றவையும் துளிர்த்தன, வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளும் துளிர்த்தன.

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். வெட்டு நின்றது, என் வேலையும் போனது. பெரியவரிடமும் சொன்னேன். "ஒரே ஒரு சொல்லு. அதக்கூட சொமக்க முடியலியா துப்பாசி ஐயா?" என்றார்.

ஆடு மேயாதபடி கட்டைகளைச் சுற்றி முள் அடைத்தேன். கடைசியில், பாய் விரித்துத் துளிர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தொரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று காத்து நின்றேன். அவர் பக்கத்துக் கட்டையில் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

வந்த மழைக்கும் வராத மழைக்கும் அங்கேயே சேர்ந்து காத்திருந்தோம். அவர் மண்ணுக்குள் போய்ப் பல வருடமாகிறது. இன்றும் நான் பாயின் ஓரத்தில்தான் உட்காருகிறேன்.