ஃபிரிட்ஜ் காசில் வாங்கிய திரை

என் மனைவி ஃபிரிட்ஜ் வாங்கச் சேர்த்த காசில் நான் ஒரு கம்ப்யூட்டர் மொனிட்டர் வாங்கியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டுக்கு வருகிற எவருக்கும் தேத்தண்ணி ஆறுவதற்குள் எப்படியும் தெரிந்துவிடும்.

போர்க்காலம். பாலையூற்று வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் கலியாணக் கார்ட்டுகளுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அதன் சின்னத் திரையில் மாப்பிள்ளையின் பெயர் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். கண் எரிகிறது என்று முனகினேன். (கொஞ்சம் கூடுதலாகத்தான்.) சுகந்தி, ரியூஷன் கொடுத்துச் சேர்த்த காசை எடுத்து நீட்டினாள்.

"கண் போனால் வாங்கேலாது. ஃபிரிட்ஜை ஆறுதலா வாங்கலாம்."

இப்படிப்பட்டவளுக்கு நான் எப்படிக் கணவனானேன் என்பதை அவளுடைய அண்ணன்மார் இன்றும் ஆராய்கிறார்கள்.

இருவருமாகக் கொழும்புக்குப் போனோம். கடையில் இருந்த சாதாரண மொனிட்டரை வாங்கியிருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும். ஆனால் பக்கத்தில் பத்தொன்பது அங்குலத்தில் ஒன்று இருந்தது. அதில் ஒரு கிளி. கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"குறுக்கே மட்டும் ஆயிரத்து அறுநூறு புள்ளி" என்றார் கடைக்காரர்.

கலியாணக் கார்ட்டுக்கு எதற்குக் கிளி என்று யோசிக்கும் நிதானம் எனக்கு இல்லை. விலை, அச்சொட்டாக ஒரு ஃபிரிட்ஜின் விலை. சுகந்தி கிளியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கைப்பையைத் திறந்தாள். கிளிப் படத்தைக் கடைக்காரர் டிஸ்க்கில் சும்மா தந்தார்.

திரும்பும் வழியில் கந்தளாய்க்கு இப்பால் ஒரு சோதனைச்சாவடி. எல்லோரும் பொதிகளோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளாடினேன்.

"டீவியா?" என்றார் சிப்பாய்.

ஓம் என்றிருந்தால் போதும். எனக்கு முன்னால் நின்றவர் அப்படிச் சொல்லித்தான் தன் டீவியோடு போய்விட்டார். ஆயிரத்து அறுநூறு புள்ளியை டீவி என்று சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

"இல்லை சேர். இது ஹை ரெசல்யூஷன் மொனிட்டர். டீவியெல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது."

"ஐயோ தம்பி, டீவி எண்டு சொல்லிப்போட்டு வாருமன்! வெயிலுக்கை நிக்கிறம்!" என்று வரிசையில் ஓர் அம்மா கத்தினார்.

விஷயம் அதிகாரியிடம் போனது. போட்டுக் காட்டச் சொன்னார். அவருடைய மேசை மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகினேன். மூலையில் செம்மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. மிகத் துல்லியமான கறுப்பு.

"படம் எங்க?" என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

"படம் கம்ப்யூட்டரிலை வரும் சேர். அது வீட்டிலை."

பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு சல்லி குடுத்து, படம் இல்ல? இங்க வச்சிட்டுப் போங்க. விசாரிக்கணும்."

என் கிளி இந்தச் சாவடியில் இனி எத்தனை மழையில் நனையுமோ என்று மொனிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்போது சுகந்தி முன்னால் வந்து, சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: அது தன்னுடைய ஃபிரிட்ஜ் காசு.

அதுவரை என்னைச் சந்தேகநபராகப் பார்த்த அதிகாரி, இப்போது குற்றம் நிரூபணமானவனாகப் பார்த்தார். பிறகு அவளிடம் மிகுந்த மரியாதையோடு, "நோனா, கொண்டு போங்க" என்றார்.

மறுநாள் காலை முன்னறையில் கிளி வந்து உட்கார்ந்தது. அயலெல்லாம் வந்து வாயைப் பிளந்தது. அந்தத் திரை பிறகு பத்து வருஷம் உழைத்தது. ஃபிரிட்ஜையும் அதுதான் உழைத்துத் தந்தது. ஆனாலும், நான் விலை கூடிய எதை வாங்கி வந்தாலும் பிள்ளைகள் இன்றும் கேட்பது, "படம் எங்க?"

அன்று காலை சனம் கலைந்த பிறகு, துணிந்து கேட்டேன்: "இப்ப சொல்லும், குடுத்த காசுக்குப் பெறுமதிதானே?"

சுகந்தி கிளிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஓம், நல்ல வடிவு. ஆனா ஃபிரிட்ஜ் எண்டால், அந்தச் சாவடியிலை செருகிப்போட்டுக் கதவைத் திறந்து லைட்டையாவது காட்டியிருக்கலாம்."