நானூறு சிவப்புப் பொட்டு

இங்கிலாந்திலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மெஷினின் முன்பக்கத்தில், இடது மேல் மூலையில், ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிவப்பு வட்டம் காணப்படுகிறது. அது என்ன?

யஹ்யா அதை மூன்று முறை படித்தார். குளுவாங் என்னும் மலாய் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்காய் துருவும் மின்சார மெஷின் செய்கிற பட்டறையை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறவர் அவர். வோல்ட் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள், வாட் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். வட்டத்தைப் பற்றி இதுவரை எவனும் கேட்டதில்லை.

"பொட்டுலா அது," என்றார், எதிர் மேசையில் இருந்த ஷாமளாவிடம். பட்டறையின் கடிதப் போக்குவரத்து முழுக்க அவள் கையில். "ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு."

வருடா வருடம் ஆயுத பூஜையன்று பட்டறையில் உள்ள அத்தனைக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். லேத்துக்குப் பொட்டு, திருப்புளிக்குப் பொட்டு, தண்ணீர்க் குழாய்க்கும் பொட்டு. பூசணிக்காய் வாங்கித் தருவது யஹ்யாதான். பொரிகடலையில் முதல் பொட்டலமும் அவருக்குத்தான். இதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை வெள்ளைக்காரனுக்கு எப்படி எழுதுவது?

வெள்ளைக்காரன் எங்கிருந்து வந்தான் என்றால், அது ஒரு குடும்பத் தகராறு. இங்கிலாந்து ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டுப் பிரிந்து போனது நமக்குத் தெரியும். தனிக்குடித்தனம் போன மருமகள், மாமியார் வீட்டுக் கரண்டியே என் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது என்றாளாம். அந்தக் கதையாக, வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐரோப்பாவின் சி.ஈ. பாதுகாப்பு முத்திரை போதாது, எங்கள் யு.கே.சி.ஏ. முத்திரை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் சி.ஈ. முத்திரையோடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த யஹ்யாவின் மெஷின், திடீரென்று ஊர் பேர் தெரியாத அநாதையாகிவிட்டது.

உள்ளூரில் விற்றுப் பிழைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. குளுவாங்கில் இப்போது தேங்காய் துருவுகிறவர்கள் யார்? எல்லாரும் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலுக்கு மாறியாயிற்று. அந்த எல்லாரில் யஹ்யாவின் மனைவி ஜஹானாராவும் அடக்கம். இந்தக் காலத்திலும் தேங்காயைத் துருவித்தான் சமைப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் இங்கிலாந்துத் தமிழர்கள்தான். அவர்களுக்கு மெஷின் விற்பவன் ஜஹானாராவின் தம்பி உபைத். நானூறு மெஷின் கேட்டிருந்தான். நவம்பர் பத்தொன்பதாம் தேதி கப்பல். புது முத்திரையோடு அந்தக் கப்பலில் ஏறாவிட்டால், வேறு நாட்டுச் சரக்கு எடுத்துக்கொள்வேன் என்று அக்காள் வீட்டுக்காரர் என்றும் பாராமல் சொல்லிவிட்டான். அந்த நானூறு போகாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். ஒன்பது பேருக்கு வேலை போகும். யஹ்யாவோடு சேர்த்தால் பத்து.

சோதனைக்காக ஒரு மெஷினை உடனே அனுப்புங்கள் என்று உபைத் சொன்னது ஆயுத பூஜைக்கு மறுநாள். பட்டறையில் தயாராகும் மெஷின்களைச் சோதிப்பது கிருஷ்ணம்மா. பின்னால் தனி அறை. உள்ளே போகிற மெஷினை அவரே ஓட்டிப் பார்ப்பார், கோளாறு இருந்தால் அவரே பிரித்துச் சரி செய்வார், அப்புறம்தான் வெளியே விடுவார். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அங்கிருந்து போன மெஷின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையே, எதற்குக் கேட்க வேண்டும்?

அன்று காலைதான் கிருஷ்ணம்மா லாபிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மலருக்குத் தலைப்பிரசவம். நாற்பத்து நாலு நாள் பத்தியம் முடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டபோது, யஹ்யா பெரிய மனதோடு வாக்குக் கொடுத்திருந்தார். "நாப்பத்து நாலு நாளும் இங்கேருந்து ஒரு போன் வராது, நிம்மதியா போயிட்டு வாங்க."

ஆகவே மாதிரி மெஷினை யஹ்யாவே அந்த அறையிலிருந்து எடுத்தார். சன்னலோரத்தில் ஒன்று மட்டும் தனியாக, பொட்டு வைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கி கிருஷ்ணம்மா பூஜை போட்டிருக்கிறார் என்று மனம் குளிர்ந்து, அதையே பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டார்.

அந்த மெஷின் இங்கிலாந்துச் சோதனைக்கூடத்துக்குப் போய்ப் பட்டறையின் மானத்தைக் காப்பாற்றியது. ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டும் சூடே ஏறவில்லையாம். சத்தம் கேட்கவே இல்லையாம். மெஷினின் துருவும் பல்லில் ரப்பர் விரல் ஒன்றை வைத்துப் பார்த்தார்களாம், ஒரு கீறல்கூட விழவில்லையாம். இவ்வளவு பாதுகாப்பான சமையலறைச் சாதனத்தை நாங்கள் பார்த்ததில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். யஹ்யா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். தே தாரிக் டீக்கடையில் நாலு பேருக்கு வாசித்தும் காட்டினார். அந்த வட்டத்துக்கு மட்டும் விளக்கம் வந்துவிட்டால் சான்றிதழ் கையில்.

"உள்ளதச் சொல்லிரலாம்," என்றார் யஹ்யா. "பூஜைப் பொட்டுன்னு எழுது."

"எழுதலாம் பாஸ். அப்புறம் குங்குமத்துல என்ன சாயம், எத்தனை சதவீதம்னு கேப்பாங்க. நம்மகிட்ட பதில் இருக்கா?"

 யஹ்யா குங்குமத்தை விட்டுவிட்டு, தரச் சோதனை முடிந்ததற்கான எங்கள் அடையாளம் என்று எழுதச் சொன்னார். அதில் பொய் இல்லை என்பது அவர் கட்சி. கிருஷ்ணம்மா கை பட்டாலே தரம்தான்.

மறுநாளே பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி. தர அடையாளம் என்பதால் கோப்பில் சேர்த்துவிட்டோம். இனி எல்லா மெஷினிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே நிறத்தில் அது இருந்தாக வேண்டும். கையேட்டில் விளக்கமும் வேண்டும். ஈரத்துணியால் பதினைந்து விநாடி, பெட்ரோல் போன்ற திரவத்தில் நனைத்த துணியால் பதினைந்து விநாடி தேய்த்தாலும் அழியக்கூடாது. உங்கள் மாதிரியில் அழியவில்லை, பாராட்டுகள்.

ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று. இனிக் குடையாமல் இருக்குமா?

மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ராமு முதலில் குங்குமம் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். மூன்றாவது விநாடியில் மெஷின் வெளுத்தது, துணி சிவந்தது. நல்லெண்ணெயில் குழைத்து வைத்தார்கள். அது கண்ணீர் மாதிரி வழிந்து இறங்கியது. அச்சகத்தில் நானூறு சிவப்பு ஸ்டிக்கர் அடித்து வாங்கினார்கள். பெட்ரோல் பட்டதும் அப்பளம் போலச் சுருண்டது. ஆனால் கிருஷ்ணம்மா வைத்த பொட்டு மட்டும் பெட்ரோலுக்கும் அசையவில்லை. பக்தி என்றால் இதுதான் என்று யஹ்யா வியந்தார்.

மின்னஞ்சலோடு வந்திருந்த போட்டோவை ராமு பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தான். "பாஸ், இது மினுங்குது. நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு."

குங்குமம் உதிர்ந்துவிடும் என்று கெட்டியாக வைத்திருப்பார், விவரமான பொம்பளை, என்று யஹ்யா சமாதானம் சொன்னார். கிருஷ்ணம்மாவுக்கு ஒரு போன் போட்டு என்ன நிறம் என்று கேட்டுவிடலாமே என்றாள் ஷாமளா. யஹ்யா சம்மதிக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். போயும் போயும் ஒரு பொட்டுக்காகப் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போன் போடுவதா?

போட்டோவை எடுத்துக்கொண்டு அவரே அலங்காரச் சாமான் கடைக்குப் போனார். அங்கே இருந்த பெண், பாட்டிலில் தெரிகிற நிறம் வேறு, நகத்தில் தெரிகிற நிறம் வேறு என்று விளக்கி, கையை நீட்டச் சொன்னாள். யஹ்யா நீட்டினார். ஐந்து விரலுக்கு ஐந்து சிவப்பு. சுண்டுவிரல் ஒத்துப்போனது. அந்த நிறத்தில் இருந்த பன்னிரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. நகத்தில் பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு செய்ய முடியாது. ஒளு இல்லாமல் தொழுகை இல்லை. ஜும்ஆ தொழுகைக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

வீட்டுக்கு ஓடினார். ஜஹானாரா கதவைத் திறந்து, முதலில் அவர் கையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பை கொள்ளாமல் பிதுங்கிய பாட்டில்களைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"மெஷினுக்கு."

இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவர் ஜஹானாரா. குரலை உயர்த்தவில்லை. "எந்த மெஷினுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து வீட்டில் பூச்சு அழிக்கும் திரவம் கடன் வாங்கி விரலைத் துடைத்துவிட்டார். யஹ்யா தொழுதுவிட்டு வந்ததும், ஜஹானாராவும் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார், அந்த மெஷினைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. பட்டறையில் நானூறு மெஷின் வரிசையாக நிற்க, ராமு பாட்டிலை வாங்கி, மண்டியிட்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைக்கத் தொடங்கினான். அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஜஹானாராவுக்குப் பொறுக்கவில்லை. மருதாணி வைத்துப் பழகிய கை. தூரிகையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளில் நானூறும் ஒன்பது மில்லிமீட்டர், அச்சடித்தது மாதிரி. சந்தேகம் தீர்ந்ததா என்று யஹ்யா கேட்கவில்லை. 

சான்றிதழ் வந்தது. புது முத்திரை ஒட்டினார்கள். கையேட்டில் ஷாமளா எழுதினாள்: 'இந்தச் சிவப்பு வட்டம், எங்கள் நிறுவனத்தின் மிக அனுபவமுள்ள பரிசோதகர் இந்த மெஷினைத் தம் கையால் சோதித்து முடிவு செய்தார் என்பதைக் காட்டுகிறது.'

கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது உபைத் கூப்பிட்டான்.

"மச்சான், இங்க கெடுவத் தள்ளி வெச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பழைய முத்திரையே போதுமாம்."

யஹ்யா அடுக்கி வைத்திருந்த நானூறையும் திரும்பிப் பார்த்தார். "அப்ப இந்தப் பொட்டு?"

"பொட்டுல கைய வெச்சுராதீங்க. நான் நோட்டீசே அடிச்சுட்டேன். சிவப்புப் பொட்டு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்னு. ஊரெல்லாம் அதத்தான் கேக்குறாங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யஹ்யா மூச்சு விட்டார்.

பதினெட்டாம் தேதி காலை, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது மெஷின் ஏற்றிய கன்டெய்னரைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பெட்டி கிடைக்காத ஒன்று மட்டும் யஹ்யாவின் மேசையில் நின்றது. சோதனைக்குப் போனதையும் சேர்த்து உபைத் கணக்கில் நானூறு. லாரி பாசிர் கூடாங் துறைமுகத்துக்குத் திரும்பி மறைந்த அதே நேரம், பேத்தி பிறந்த இனிப்போடு கிருஷ்ணம்மா உள்ளே வந்தார். நாற்பத்து ஐந்தாம் நாள், சொன்ன சொல் தவறாமல்.

மேசையில் இருந்த மெஷினைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். யஹ்யா அதற்காகத்தானே காத்திருந்தார். உட்காரச் சொல்லி, சன்னலோரத்து மெஷினை எடுத்து அனுப்பியதிலிருந்து, ஜஹானாரா கையால் பொட்டு வைத்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த அறிக்கையையும் எடுத்து வந்தார். இந்தப் பட்டறை இன்று திறந்திருக்கிறது என்றால் அது நீங்கள் வைத்த பொட்டால்தான் என்றார்.

கிருஷ்ணம்மா இனிப்பு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சூடே ஏறலன்னாங்களா, மொதலாளி?"

"ஆறு மணி நேரம் ஓடியும் ஏறல."

"சத்தமும் வரல?"

"துளி வரல."

"வெரல வெச்சாலும் வெட்டல?"

"கீறல்கூட இல்ல. எழுதியே குடுத்துட்டான்."

கிருஷ்ணம்மா மேசை மேலிருந்த மெஷினின் சிவப்பு வட்டத்தை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"அது பூஜைப் பொட்டு இல்ல மொதலாளி, தேங்காயே துருவாத மெஷினுக்கு நான் வெக்கிற அடையாளம்."