மாடசாமியின் தொண்டை

மாடசாமி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை திறந்தார். இந்தமுறை தகரத்தைத் தரையில் இழுத்தமாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அது என்ன சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் சரசா.

"நான்தான்ட்டி" என்றார் மாடசாமி.

வேறு எந்த நாளில் புருஷனுக்குக் குரல் போயிருந்தாலும் சரசா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். ஆனால் இது 1998 டிசம்பரின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. நவபிரபாத் கல்லூரிக்கும் பவனாதீர் கல்லூரிக்கும் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கபடிக் கோப்பை ஆட்டம் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு.

மாடசாமி நவபிரபாத்தின் பழைய மாணவர். அந்தக் காலத்தில் எதிரணிக்குள் பாடிப்போகிற ரெய்டர். படிப்பு முடிந்ததும் வேலை அவரை ஜபல்பூருக்குக் கொண்டுபோனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாற்றல் வாங்கிக்கொண்டு, கல்லூரி இருக்கும் மராத்தி மண்ணுக்கே, தேஹு ரோடு ராணுவ டிப்போவுக்கு ஸ்டோர் கீப்பராகத் திரும்பினார். அன்றிலிருந்து அவர் ஒரு கோப்பை ஆட்டத்தையும் விட்டதில்லை. அன்றிலிருந்து நவபிரபாத் ஒரு கோப்பை ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை.

"உம்ம ராசி அப்படிவே. வீட்டுல இருந்து பாரும்" என்று டிப்போவில் கேலி செய்வார்கள்.

மாடசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "செயிக்கிறவனுக்கு ஊரே கை தட்டும்லே! தோக்கிறவனுக்குத்தான் ஆளு வேணும்!"

வெறுமனே கை தட்டுகிறவரா அவர்? எல்லைக்கோட்டுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து, எவனைத் தொடலாம், எவன் காலைப் பிடிக்கலாம் என்று ஆட்டம் முழுக்கக் கத்துவார். அதுவும் தமிழில்! மராத்தியில் கத்தினால் எதிரிக்குப் புரிந்துவிடும்; இந்தியும் அப்படியே. நவபிரபாத் அணியிலோ எந்த வருஷமும் ஒரு தமிழ்ப் பையனாவது இருப்பான். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த டிப்போ குவார்ட்டர்ஸ் அதில் குறை வைத்ததே இல்லை. இந்த வருஷம் கேப்டனே எதிர்வீட்டுத் தங்கராஜ்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததில் மாடசாமிக்கு உள்ளூர ஏகப்பட்ட பெருமை.

ஆனால் இந்த வருஷம் கத்தி சரியாகத் தலைக்குமேல் தொங்கியது. பிரின்சிபால் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிட்டார்: இன்றும் தோற்றால் கபடி அணி கலைக்கப்படும், ஆடுகளம் ஸ்கூட்டர் ஸ்டாண்டாக மாறும். மாடசாமி முட்டி பெயர்த்துக்கொண்ட மண் அது. அங்கே ஸ்கூட்டர் நிற்பதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கியது.

"நேத்து மொட்டை மாடியில நின்னு கத்திப் பழகாதீயன்னு சொன்னேன், கேட்டியளா?" என்றபடி சரசா ஒரு டம்ளர் கஷாயத்தை நீட்டினாள். சீக்கிரம் குணமாகட்டும் என்று மிளகை இரண்டு பங்கும் சுக்கை மூன்று பங்கும் போட்டிருந்தாள். மாடசாமி ஒரே மடக்கில் குடித்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. குரல் மட்டும் அரைப்படி குறைந்தது.

மூன்று மணிக்கு சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஏறினார். டிரைவர் சுனில் அவருக்கு வாடிக்கை. ஜாடையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "டென்ஷன் நகோ சாப்!" என்று கவலையை விடச் சொல்லி, அதிமதுரம் வைத்த வெற்றிலைச் சுருள் ஒன்றை எடுத்து அவர் வாயில் திணித்தான். அதிமதுரத்தைவிடச் சுண்ணாம்பு அதிகம். நிக்டி நிறுத்தம் தாண்டுவதற்குள் நாக்கு வெந்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் மைதான வாசலில் இறங்கியதுமே இரண்டு கிளாஸ் கரும்புச்சாறு அடித்தார், ஐஸ் தூக்கலாக. எரிச்சல் போயிற்று. குரலிலும் பாதி அதோடு போயிற்று.

எல்லைக்கோட்டருகே மாடசாமியின் வழக்கமான இடத்தில் துண்டு விரித்து வைத்திருந்தார் காகா. காகா பவனாதீர் அணிக்குத் தண்ணீர் கொடுப்பவர். வெள்ளைக் குல்லா, பெரிய மீசை, இடுப்பில் தண்ணீர்ச் செம்பு. எதிரி முகாம்தான், ஆனால் தங்கமான மனுஷன். வருஷா வருஷம் மாடசாமிக்கு இடம் பிடித்து வைப்பார், தொண்டைக்கு மாத்திரை கொடுப்பார், "போலோ பாய்சாப், போலோ!" என்று இன்னும் சொல்லச் சொல்லி உற்சாகப்படுத்துவார். எதிரியிடமும் இப்படி ஒரு பெருந்தன்மையா என்று மாடசாமி நெகிழ்ந்துபோவார்.

விசில் ஊதியது.

"தங்கராசு! இடது மூலைக்காரன் முட்டியில கட்டு இருக்கு! அவனைத் தொடு!" என்று கரகரத்தார் மாடசாமி.

தங்கராஜ் பாடிக்கொண்டே இடது பக்கம் பாய்ந்தான். அதற்குள் கட்டுப் போட்டவன் பின்னுக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் எருமைக்கடா மாதிரி ஒருவன் நின்றான். தங்கராஜ் மண்ணைக் கவ்வினான்.

"அடுத்து வாரவன் வலது காலை நீட்டுவான்! கணுக்காலைப் பிடிங்கலே!"

அடுத்து வந்தவன் வலது காலை நீட்டவே இல்லை. இடது காலால் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

'நான் வாயைத் திறந்தாலே நம்ம நேரம் குதிரைமேல ஏறி ஓடிருது' என்று மாடசாமி தலையில் அடித்துக்கொண்டார். இடைவேளையில் கணக்கு பதினைந்துக்கு ஆறு.

மூச்சு வாங்க ஓடிவந்தான் தங்கராஜ். "அங்கிள், உங்க ஆவாஸ் பாதிதான் கேக்குது நா!"

மாடசாமி பதில் சொல்ல முயன்றார். கீச்சென்றது. அவரைவிடப் பதறிப்போனவர் காகாதான். எங்கிருந்தோ ஒரு ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து உப்பு வெந்நீர் ஊற்றினார். அவசரத்தில் மாடசாமி ஆறவிடாமல் வாயில் விட்டுக் கொப்பளித்தார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. இருந்த கீச்சும் போய்விட்டது.

இரண்டாம் பாதி தொடங்கியது. மாடசாமி வாயைத் திறந்தார், மூடினார். கையை ஆட்டினார். தங்கராஜ் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, 'இனி நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்' என்பதுபோல் தொடையைத் தட்டினான்.

"போலோ பாய்சாப்!" என்று காகா காதைக் கிட்டே கொண்டுவந்தார். காற்றுதான் வந்தது.

தங்கராஜ் பாடிப்போனான். ஒருவனைத் தொட்டான்! அடுத்த முறை இருவரை! வந்த ரெய்டரை நவபிரபாத் பையன்கள் இடுப்போடு அள்ளிப் போட்டார்கள். பதினேழுக்குப் பன்னிரண்டு. இருபதுக்குப் பதினேழு. மைதானமே எழுந்து நின்றது. காகா நகத்தைக் கடித்துக்கொண்டு, "போலோ, குச் தோ போலோ!" என்று ஏதாவது சொல்லும்படி கெஞ்சி மாடசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார். மாடசாமிக்குத் தன்னை யார் உலுக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. நெஞ்சு தொண்டைக்கு வந்திருந்தது. அங்கேதான் இடம் காலியாக இருந்ததே!

இருபத்துமூன்றுக்கு இருபத்திரண்டு. கடைசி ரெய்டு. தங்கராஜ் உள்ளே போனான். முட்டியில் கட்டுப் போட்டவன் இந்தமுறை மூலையிலேயே நின்றான். அவனைத் தொட்டான். திரும்பும்போது இன்னொருவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். தங்கராஜ் விழுந்தான், மூச்சு விடாமல் பாடினான், புழுவாக நெளிந்து கையை நீட்டினான். விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது.

ஒரே ரெய்டில் இரண்டு புள்ளி! இருபத்துநாலு! நவபிரபாத் ஜெயித்துவிட்டது!

மாடசாமி சத்தமே இல்லாமல் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். பையன்கள் அவரையும் கோப்பையையும் சேர்த்துத் தூக்கினார்கள். வேட்டி அவிழாமல் இருந்தது அவர் பேண்ட் போட்டிருந்ததால்தான். பதினோரு வருஷத்து அழுகை மொத்தமும் வெளியே வந்தது. ஸ்கூட்டர் ஸ்டாண்டாவது மண்ணாங்கட்டியாவது!

கீழே இறக்கிவிட்டபோது எதிரே காகா நின்றார். அந்தப் பெரிய மீசை துவண்டிருந்தது. பாவம், தோற்ற நிலையிலும் வாழ்த்த வந்திருக்கிறாரே என்று மாடசாமிக்கு இரக்கம் பொங்க, இரண்டு கையையும் நீட்டினார்.

காகா குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தொண்டையைக் கொஞ்சம் பாத்துக்கிட்டிருக்கக் கூடாதாண்ணே? நீங்க கத்துறதை எங்க பயலுகளுக்கு மராத்தியில சொல்லிச் சொல்லித்தானே பதினோரு வருசமா கோப்பை வாங்கிக் குடுத்தேன்!"