சிவப்பு நம்பர் போட்ட தேங்காய்கள்

பதுளை டவுனில் மழையைக் கண்டு சந்தோசப்பட்ட ஒரே கடைக்காரர் தேங்காய் முதலாளிதான். மற்றவர்கள் ஷட்டரை இறக்கி, சாமான்களை மேல்தட்டில் அடுக்கும்போது, இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் சாக்குமாகத் தெருவின் மேட்டை நோக்கி ஓடுவார். சாக்குக்குள் அழுகல் தேங்காய்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு நம்பர்.

பிள்ளையார் கோயில் மூலையில் வடிகான் திறந்து கிடக்கும். அங்கே தேங்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, அவற்றை முந்திக்கொண்டு இறக்கத்தில் ஓடுவார். நடுவில் எல்லாக் கடைக்காரர்களும் கானின் மேல் கொங்கிரீட் சிலாப் போட்டுக் கடையை முன்னுக்கு இழுத்திருப்பதால், கீழே சின்னப் பாலத்தடியில்தான் தண்ணீரை மறுபடி பார்க்க முடியும். பாலத்தில் குந்தி, வந்து சேரும் நம்பரைக் கொப்பியில் எழுதுவார். பத்துப் போட்டால் ஆறு வரும். மற்ற நாலும் எங்கே என்பதுதான் அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை.

சிவப்புப் பெயின்ட் எதற்கு என்று கேட்டேன். “வெறுங் காயா விட்டா பொறுக்கிட்டுப் போய் சம்பல் அரைச்சிருவாங்க தம்பி. சிவப்பு பூசுனா செய்வினைன்னு ஒருத்தனும் தொடமாட்டான்.”

உண்மைதான். ஹாலிஎலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருநாள் டவுனுக்கு வந்த எங்கள் அம்மா, கானில் மிதந்து போன சிவப்புத் தேங்காயைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை விட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

எங்கள் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். நான் கானைக் காகிதத்தில் வரையப் படித்து, டவுன் அலுவலகமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்தக் கான்தான். பெரிய மழை பெய்தால் சலூன் ஓரமாகத் தண்ணீர் பொங்கி, பின்சந்தில் மூட்டை தூக்குபவர்களின் ஆறு வீடுகளுக்குள் புகுந்துவிடும். சந்து வழியாகப் புதிதாக அகலமான கான் வெட்டலாம் என்று அலுவலகத்தில் யோசனை. வெட்டினால் ஆறு வீட்டு அடுப்படியும் போய்விடும். அந்தக் கோட்டை நான் பென்சிலால் போட்டும் வைத்திருந்தேன்.

தேங்காய் முதலாளி அதை ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கொப்பியோடு வந்து என் மேசைமுன் உட்கார்ந்துவிடுவார். கான் சின்னதில்லை, எங்கோ அடைத்திருக்கிறது, அதைத் திறந்தால் ஒரு அடுப்படியையும் உடைக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். என்ன இவ்வளவு அக்கறை என்று யாராவது கேட்டால், அடுப்பு நனைந்தால் மறுநாள் பட்டினியோடு வந்து தன் மூட்டையைக் கீழே போடுவார்கள் என்று எரிந்து விழுவார்.

அடைப்பு எங்கே என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் பொங்குவது சலூன் ஓரம். ஆகவே குற்றவாளி சலூன்காரர். வெட்டிய மயிரையெல்லாம் கானில் தள்ளுகிறார் என்று ஆறு மாதம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே ஒருநாள் பதில் சொன்னார்: “ஒங்க தேங்காய்க்கு நீந்தத் தெரியலன்னா நான் என்ன முதலாளி செய்றது?” அதன் பிறகு முதலாளி ஷேவ் எடுக்க பண்டாரவளைக்குப் போனார்.

கடைசியில் மேலதிகாரியிடம் கெஞ்சி, சிலாப்புகளை ஒருநாள் கிளப்பிப் பார்க்க அனுமதி வாங்கினேன். முதலில் சலூன். முதலாளி முன்வரிசையில் நின்றார். உள்ளே இரண்டு சீப்பும் கொஞ்சம் சேறும்தான். அடுத்தது தேத்தண்ணிக் கடை. அங்கும் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்தது தேங்காய்க் கடை.

சிலாப்பைத் தூக்கியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கானின் நட்டநடுவில் ஒரு செங்கல் தூண். அதைச் சுற்றித் தும்பும் பொலித்தீனும் அணை கட்டியதுபோல் அடைத்திருக்க, அதில் சாய்ந்தபடி சிவப்பு நம்பர்கள் வரிசையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. தேங்காய் துருவும் மெஷினை வாங்கிய வருடம், மெஷின் ஓடினால் சிலாப் அதிர்கிறது என்று முதலாளியே முட்டுக்கொடுத்த தூண் அது. இங்கே நின்ற தண்ணீர் பின்னுக்கு ஏறித்தான் சலூன் ஓரம் பொங்கியிருக்கிறது.

சலூன்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு முதலாளி” என்று மட்டும் சொன்னார். முதலாளி கொப்பியைத் திறந்து, காணாமற்போன நம்பர்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வெட்டினார்.

அந்தத் தூணை எடுத்தால் மெஷின் நிற்க இடமில்லை. கடையின் முன்பாதியே போய்விடும். திங்கட்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“சலூனுன்னு எழுதியிருக்கீங்க. தேத்தண்ணிக் கடைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு மட்டும் என்ன தம்பி, ஒரு புள்ளி?”

அவர் என் சிவப்புப் பேனையை எடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் ‘தேங்காய்க் கடை. தூண். உடைக்கணும்’ என்று எழுதினார். பிறகு அழிறப்பரை என் பக்கம் தள்ளி, பின்சந்தில் இருந்த பென்சில் கோட்டைக் காட்டினார்.

தூண் போனது, கடை பாதியானது. மெஷின் உள்ளே போனதால் முதலாளி வெளியே ஒரு முக்காலிக்கு மாறினார். சலூனுக்குத் திரும்பவும் ஷேவுக்குப் போகத் தொடங்கினார். கத்தியைக் கழுத்தில் வைத்தபடி சலூன்காரர் கானைப் பற்றி விசாரிப்பாராம்.

அடுத்த பெரிய மழை ஒரு பின்னேரம் கொட்டியது. குடையோடு சின்னப் பாலத்துக்கு ஓடினேன். முதலாளி அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஒண்ணாம் நம்பர் ஆடி ஆடி வந்தது. எடுத்துக்கொண்டு அவருக்கு போன் போட்டேன்.

“வந்துருச்சுங்க முதலாளி.”

“சந்துக்குள்ள தண்ணி?”

“போகலைங்க.”

மறுமுனையில் மழைச் சத்தத்தோடு கோயில் மணியும் கேட்டது. கோயில் மூலையிலேயே நிற்கிறார் என்று புரிந்தது. இந்தத் தடவை அவர் ஓடி வரவில்லை.

“அப்ப அத வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி. இன்னைக்கு நல்ல காயாப் பாத்துத்தான் போட்டேன்.”

சிவப்பைப் பார்த்த அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. வாசலிலேயே உடைத்துத் தின்றேன். நம்பர் இருக்கிற பாதிச் சிரட்டை இப்போது என் அலுவலக மேசையில் இருக்கிறது. பென்சில்களை அதில்தான் போட்டுவைக்கிறேன்.