பார்க்காதபோது கூடும் ஒளி

அமிர்தநாதன் பக்கத்திலேயே நின்று பார்த்தால் கருவி நிமிஷத்துக்கு நாற்பது எண்ணியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் இல்லாத நேரத்தில் எண்பது வீதம் எண்ணியிருந்தது.

மங்கலான ஒளியைத் துகள் துகளாக எண்ணுவதற்காக, பிள்ளைப்பாக்கம் கம்பெனியின் இருட்டறையில் அவர் செய்த கருவி அது. வருஷம் 1983. மெட்ராஸிலிருந்து புரொபசர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். அவர் வாங்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அமிர்தநாதனுக்கு பேக்கிங் செக்‌ஷன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"கருவியில கோளாறு இல்ல, கண்ணப்பா. இது குவாண்டம். நாம பார்க்கிறதுதான் அதைப் பாதிக்குது."

உதவியாளர் கண்ணப்பன் ஒப்பவில்லை. "நமக்குத் தெரியாத காரணம் ஒண்ணு ஒளிஞ்சிகினு கீது சார்."

"அப்படி எதுவும் ஒளிஞ்சிருக்கலைன்னு போன வருஷமே பாரிஸ்ல சோதனை பண்ணிக் காட்டிட்டாங்கப்பா."

"பாரிஸ்ல இல்லாம இருக்கலாம் சார். பிள்ளைப்பாக்கத்துல கீது."

மறுநாள், பக்கத்து அறையில் உட்காரும் கண்ணப்பனையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். நூற்றிருபது. புதன்கிழமை அந்த வரிசையில் எல்லா அறைகளையும் காலி செய்யச் சொன்னார். முந்நூறு. பார்ப்பவர் குறையக் குறையத் துகள் கூடியது. அமிர்தநாதன் வரைபடம் போட்டார். கண் கலங்கியது. கண்ணப்பன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த புரொபசர் வரைபடத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பில்டிங்கையே காலி பண்ணுங்க. முதலாளியும் வெளிய வரணும்."

ஆபீசர்கள் அத்தனை பேரும் மதிய வெயிலில் கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார்கள். திரும்பி வந்தால் இரண்டாயிரம்.

புரொபசர் அமிர்தநாதனைக் கட்டிப்பிடித்தார். பேக்கிங் செக்‌ஷன் என்று தான் சொன்னதே இல்லை என்றார் முதலாளி. கண்ணப்பன்கூட, "ஒளிஞ்சிகினு ஒண்ணும் இல்ல சார், ஒத்துக்கறேன்" என்று கைகொடுத்தான்.

"இன்னும் ஒரு மாசத்துக்கு, தினமும் இதே நேரம் எல்லாரும் வெளிய நிக்கணும்" என்றார் புரொபசர்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த கிளியம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தெனமுமா சார்? நல்லதாப் போச்சு! நீங்க யாரும் பாக்காதப்போதான் நாங்கல்லாம் இந்த காலி ரூமுங்கள்ல குந்தி, அத்தினி லைட்டையும் போட்டுகினு நிம்மதியா சோறு துன்ன முடியுது!"